தலைமையாசிரியர் கடிதம்: கல்லோடு ஒரு சீட்டும் அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் களப்பயணம் போய் வந்ததிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி அங்கே அவர்கள் எடுத்து வந்த புதைபடிவக் கற்களைப் பற்றித்தான். "டீச்சர், இதைக் கழுவலாமா?", "வார்னிஷ் அடித்தால் பளபளவென்று இருக்குமா?", "இதற்கு விலை கிடைக்குமா?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுமையாகப் படியுங்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று இரவே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு எழுதச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எடுத்தது, என்றைக்கு, யார் எடுத்தது, மண்ணில் உதிர்ந்து கிடந்ததா அல்லது பாறையிலேயே பதிந்திருந்ததா, அந்தப் பாறை என்ன நிறம், இவ்வளவு போதும். பிள்ளையின் கையெழுத்திலேயே, பென்சிலில் எழுதினால் நல்லது, பேனா மை நாளாக ஆக மங்கிவிடும். ஒரு பையில் ஒரு கல், அதோடு அதன் சீட்டு. ஐந்தாறு கற்களை ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருந்தால் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்போதே பிரித்துவிடுங்கள், இன்னும் ஒரு வாரம் போனால் எந்தக் கல் எங்கே கிடைத்தது என்பது அவர்களுக்கே குழம்பிவிடும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், என் மேசை மேல் ஒரு அம்மோனைட் இருக்கிறது, சுருண்ட ஓடுடைய பழங்காலக் கடல் உயிர் ஒன்று கல்லாகிப்போனது, அறைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், காகிதங்கள் பறக்காமல் மேலே வைத்திருப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே எடுத்தது. ஒரே விடுமுறையில் இரண்டு ஊர்களுக்குப் போனேன், இரண்டு இடத்திலும் எடுத்ததை ஒரே துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சில ஆண்டுகள் கழித்துப் பள்ளிக்கு வந்த ஒரு நிலவியல் பேராசிரியர் அதைக் கையில் எடுத்தார், சாளரத்துப் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பையிலிருந்து லென்ஸை எடுத்தார். அவர் முகத்தில் ஆர்வம் ஏறுவது எனக்குத் தெரிந்தது. "இது எங்கே கிடைத்தது?" என்றார். இரண்டில் ஒரு இடம், எது என்று சொல்லத் தெரியவில்லை என்றேன். அவர் லென்ஸை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "அழகாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிக் கல்லை என் கையில் கொடுத்தார். அந்த ஒரு வரி இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கல்லில் என்ன இருந்தது என்பது எனக்குக் கடைசி வரை தெரியப் போவதில்லை.

சரி, ஒரு கல்லுக்கு இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? அம்மோனைட் என்பது நத்தை போலச் சுருண்டிருந்தாலும் நத்தை இனம் இல்லை, கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. கடலில் மட்டும் வாழ்ந்தது. இந்தப் பெருங்குடும்பம் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே அழிவில் முடிந்துபோனது. இடைப்பட்ட காலம் முழுக்க அது மாறிக்கொண்டே இருந்தது, அதிலும் வேகமாக மாறியது. ஒரு இனம் வரும், கடல் கடலாகப் பரவும், நிலவியல் கணக்கில் கொஞ்ச காலத்திலேயே மறையும், அதன் இடத்தில் இன்னொன்று வரும். அதனால்தான் பாறையின் வயதைச் சொல்ல அம்மோனைட்டைப் போல உதவும் புதைபடிவங்கள் வெகு சிலவே. ஆல்பர்ட் ஓப்பல் என்ற ஜெர்மானியர் 1856 முதல் 1858 வரை வெளியிட்ட நூலில் செய்தது இதைத்தான். பாறை சுண்ணாம்பா களிமண்ணா என்பதை ஒதுக்கிவிட்டு, எந்த இனம் எந்த அடுக்கில் தொடங்கி எந்த அடுக்கில் நிற்கிறது என்று நாடு நாடாக ஒப்பிட்டு, ஜுராசிக் காலத்தைச் சின்னச் சின்ன மண்டலங்களாகப் பிரித்தார். அவர் காட்டிய வழியில்தான் இன்றும் வேலை நடக்கிறது. ஜுராசிக் காலம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட அடையாளமே ஆஸ்திரியாவில் கூயோக் என்ற மலைப்பகுதியில் சைலோசெரஸ் என்ற ஒரு சிறிய அம்மோனைட் முதன்முதலாகத் தலைகாட்டும் அடுக்குதான், 2010-இல் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள். கல்லும் அடுக்கும் சேர்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். அடுக்கு தெரியாத கல் பக்க எண் போன ஒற்றைத் தாள் மாதிரி.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பகுதிப் பாறைகளிலிருந்து சேர்த்த புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் ஆராய்ந்து 1846-இல் விவரித்தார். பிறகு 1860-களில் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் (ஜுராசிக்குக்கு அடுத்த காலம்) பாறைகளின் அம்மோனைட்டுகளைத் தனியாக எடுத்து எழுதினார். முதலில் சேர்த்தவர்கள் எந்த ஊரில் எது கிடைத்தது என்று பிரித்து வைத்ததால்தான் அந்த வேலையே நடந்தது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி அனுப்பியிருந்தால் லண்டனில் போய்ச் சேர்ந்திருப்பது ஒரு பெட்டி அழகான கற்கள்தான்.

இப்போது களப்பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவி உள்ளங்கை அகலத்தில் தவிட்டு நிறக் கல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "டீச்சர், இது மேல செடி வளந்திருக்கு பாருங்க" என்றாள். பார்த்தால், கல்லின் மேல் வரிசையாகக் கோடுகள், ஒவ்வொன்றும் நெளிந்து நெளிந்து, அந்த நெளிவுக்குள் இன்னும் சின்ன நெளிவு, அதற்குள் அதைவிடச் சின்னது, கொத்துமல்லி இலையின் விளிம்பு போல. செடி இல்லை. அம்மோனைட் தன் ஓட்டின் கடைசி அறையில் மட்டும்தான் குடியிருக்கும். வளர வளர முன்னால் நகர்ந்து பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும், அப்படி அறை அறையாகச் சேர்ந்து, எல்லா அறைகளையும் துளைத்துக்கொண்டு போகும் ஒரு மெல்லிய குழாய் வழியாக அறைகளிலிருந்து நீரை வெளியேற்றி, நீரில் மூழ்காமல் மிதக்கும். அந்தச் சுவரின் ஓரம் ஓட்டோடு ஒட்டும் இடம்தான் அந்த நெளிகோடு. மேல் ஓடு கரைந்து, உள்ளே நிறைந்த சேறு கல்லான பிறகே அது கண்ணுக்குத் தெரியும். பழைய இனங்களில் எளிய வளைவாக இருப்பது பிந்திய இனங்களில் இப்படிப் பின்னலாகிவிடுகிறது, கோட்டின் வடிவத்தை வைத்தே எந்த வகை என்று அடையாளம் சொல்வார்கள். சாணைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கினால் முதலில் அழிவது அந்தக் கோடுதான். அதனால் பாலிஷ் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். வினிகர், எலுமிச்சைச் சாறு எதுவும் பட வேண்டாம், ஓடு சுண்ணாம்பு வகை, கரைந்துவிடும். மண் ஒட்டியிருந்தால் உலர்ந்த பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தட்டிவிட்டால் போதும்.

தங்க நிறத்தில் மின்னும் சின்னக் கற்கள் சிலருக்குக் கிடைத்திருக்கின்றன. அது தங்கமில்லை, பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரக்காற்று பட்டால் மேலே வெளிர் நிறப் பொடி பூத்து, கடைசியில் கல்லே உதிர்ந்துவிடும். அதைத் தண்ணீரில் கழுவவே கூடாது. இறுக மூடும் டப்பாவில் புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு வையுங்கள்.

உடைந்த துண்டு என்று எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதை நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டு வீடுகளில் ஏற்கனவே போட்டாயிற்று என்று கேள்விப்பட்டேன். வட அமெரிக்காவில் கிடைத்த ஓட்டை விழுந்த ஒரு அம்மோனைட்டை வைத்து, அது மோசசார் என்ற கடல் ஊர்வனவின் பல் பட்ட தழும்பு என்று 1960-இல் இருவர் எழுதினார்கள். பின்னால் வேறு சிலர், இப்படிப்பட்ட ஓட்டைகளில் பல, ஓட்டில் ஒட்டி வாழ்ந்த சிறு நத்தை வகைகள் அரித்த குழிகளாக இருக்கலாம் என்றார்கள். இந்த வாதமே அழகில்லாத, அடிபட்ட கற்களை யாரோ பத்திரப்படுத்தியதால் நடந்தது. இன்னொன்று, உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று கல்லை இரண்டாக உடைக்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். 2011-இல் பாக்குலைட்ஸ் என்ற நேரான ஓடுடைய அம்மோனைட்டை உடைக்காமலே சக்திவாய்ந்த எக்ஸ்ரே கொண்டு பார்த்து, அதன் தாடையையும் நுண்ணிய பற்களையும், வாயில் சிக்கியிருந்த மிகச் சிறிய இரையையும் கண்டார்கள். யாராவது ஆர்வத்தில் முன்பே சுத்தியலால் தட்டியிருந்தால் அது போயிருக்கும்.

விலை பற்றிக் கேட்டவர்களுக்கு: விற்கும் எண்ணத்தோடு யாரும் சேகரிக்க வேண்டாம் என்பது என் கருத்து, அதில் நான் உறுதியாக இருக்கிறேன். விலை என்று வந்ததும் அழகானதை மட்டும் எடுப்போம், மற்றதை மிதிப்போம், இடத்தை மறைப்போம். இங்கிலாந்தில் விட்பி ஊரில் அந்தக் காலத்தில் அம்மோனைட்டின் நுனியில் பாம்புத் தலை செதுக்கி விற்றார்கள், பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படிச் செதுக்கிய ஒவ்வொன்றிலும் அந்த உயிர் குடியிருந்த வாய்ப்பகுதி கெட்டுப்போனது. சிலர் வீட்டில் சாளக்கிராமம் இருக்கும், கண்டகி ஆற்றில் வரும் அந்தக் கறுப்புக் கற்களில் பலவற்றுக்குள் இருப்பதும் அம்மோனைட்தான். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள், பூஜையில் இருப்பதைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

அப்புறம், பாறையில் பதிந்திருந்ததைச் சிலர் உளியால் பெயர்த்திருக்கிறார்கள். அதற்கு நானும் உடன் வந்த ஆசிரியர்களும்தான் பொறுப்பு, முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், பிள்ளைகளைத் திட்டாதீர்கள். இனிமேல் உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுப்போம், பதிந்திருப்பதைப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுப்போம். பிரான்சில் டீன் என்ற ஊருக்கு அருகில் 1,500-க்கும் மேற்பட்ட அம்மோனைட்டுகள் பதிந்த ஒரே பாறைச் சரிவு இருக்கிறது, யாரும் பெயர்க்காததால்தான் இன்றும் போய்ப் பார்க்க முடிகிறது. நில உரிமையாளரிடம் கேட்காமலோ, பாதுகாக்கப்பட்ட இடத்திலோ, மண்சரிவின் அடிவாரத்தில் நின்றுகொண்டோ யாரும் கல் பொறுக்கக் கூடாது, குடும்பத்தோடு போகும்போதும் தயவுசெய்து இதைக் கடைப்பிடியுங்கள்.

நாம் போன இடத்தின் பெயரை இந்தக் கடிதத்தில் நான் வேண்டுமென்றே எழுதவில்லை. கடிதம் போனுக்குப் போன் பரவும், அடுத்த ஞாயிறு அங்கே மண்வெட்டியோடு ஆட்கள் நிற்பார்கள். சரியான இடக்குறிப்பு வகுப்பு நோட்டில் இருக்கிறது, சீட்டில் எழுதப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

வரும் வெள்ளிக்கிழமை காலை கற்களைச் சீட்டோடு கொடுத்தனுப்புங்கள். அறிவியல் ஆய்வகத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, படம் எடுத்துவிட்டு, பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். நிலவியல் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார், அவர் எதையாவது ஆராய்ச்சிக்குக் கேட்டால் உங்களையும் பிள்ளையையும் கேட்காமல் கொடுக்க மாட்டோம். சீட்டு இல்லாத கல்லையும் அனுப்புங்கள், அன்றைக்கு எடுத்த போன் படங்களையும் சேர்த்து அனுப்பினால் படத்தின் நேரத்தையும் பின்னால் தெரியும் மண்ணின் நிறத்தையும் வைத்து, எந்த இடத்தில் எடுத்தது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்