என் வலியை நம்பியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும், வணக்கம்.

இந்த நன்றியை ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லியிருக்கலாம். சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நீங்கள் செய்தது எனக்கு எந்த அளவுக்கு உதவியது என்று உங்களில் பலருக்கே தெரியாது. தெரிந்தால் உங்களிடம் வரும் அடுத்த பிள்ளைக்கும் அதையே செய்வீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வத்தலகுண்டு பக்கத்துப் பையன். இப்போது கல்லூரியில் படிக்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போது குதிகாலில் வலி ஆரம்பித்தது. அப்புறம் முழங்கால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி என்று பரவியது. தசைநாண் எலும்போடு சேரும் இடங்களில் வீக்கம் வருகிற ஒரு வகை மூட்டு வாதம் இது. வாதம் என்றால் வயதானவர்களுக்கு வருவது என்றுதான் ஊரில் நினைப்பு. பதினாறு வயதுக்கு முன்னால் தொடங்குகிற வாதங்களே பல வகை இருக்கின்றன. எனக்கு வந்த வகை வளரும் பையன்களிடம்தான் அதிகம்.

இந்த வலி மற்ற வலிகளைப் போல இல்லை. ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும். காலையில் எழுந்ததும் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் வரை போவேன். பத்து மணிக்கு மேல் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகும். சாயங்காலம் தெருவில் நிற்பேன், சில நாள் பந்துகூட வீசுவேன். காலையில் நொண்டியவன் சாயங்காலம் ஓடினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? பள்ளிக்கூடம் போக மனமில்லாமல் நடிக்கிறான் என்றுதான் சொன்னார்கள். வளர்கிற வயசு வலி என்றார்கள். செருப்பை மாற்றச் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு மருத்துவர், "ஸ்கூலில் ஏதும் பிரச்சினையா?" என்று அப்பாவைக் கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். அங்கேயிருந்துதான் மனசு கெட ஆரம்பித்தது.

முதல் நன்றி மதுரையில் என்னைப் பார்த்த வாதநோய் மருத்துவருக்கு. சார், நீங்கள் ஃபைலைப் பிரிப்பதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா, காலையில எழுந்ததும் எப்படி இருக்கும்?" என்று கேட்டீர்கள். குதிகாலின் பின்பக்கம் ஒரு இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினீர்கள். நான் துள்ளியதும், "இந்த இடம்தானே?" என்றீர்கள். சாயங்காலம் குறையும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "அப்படித்தான் குறையணும், இந்த நோயோட அடையாளமே அதுதான்" என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கேட்கும்படி சொன்னீர்கள். யாரும் நம்பாமல் போனதற்கு எது காரணமோ, அதையே நோய்க்குச் சாட்சியாக மாற்றிவிட்டீர்கள். அன்றைக்குத் திரும்பும்போது நிலக்கோட்டை தாண்டும் வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் என் தோளில் கை போட்டார்.

இன்னொரு விஷயத்துக்கும் நன்றி சார். சல்ஃபாசலசின் மாத்திரை எழுதும்போதே, "சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே" என்று சொல்லி அனுப்பினீர்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அதை யாரிடமும் கேட்க முடியாமல் எத்தனை நாள் பயந்திருப்பான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்தது. ஆனால் வலி முழுதாகப் போகவில்லை. அந்த ஆண்டுதான் எனக்கு மிக மோசமான ஆண்டு. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்ற பிறகும் வலிக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தூக்கம் போனது. நண்பர்கள் கூப்பிட்டால் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். மருத்துவர் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னபோது, மறுபடியும் நடிப்பு என்று முடிவுகட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். வீட்டிலும் பெரிய சண்டை. "என் பிள்ளைக்குக் கால்தான் வலிக்குது, பைத்தியம் பிடிக்கலை" என்றார் அப்பா.

ஆலோசகர் மேடம், உங்களுக்குத்தான் நிறைய எழுத வேண்டும். முதல் நாள் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "தம்பி, உன் வலி நிஜம். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இங்க வந்ததால அது பொய்யாகிடாது" என்றுதான் நீங்கள் ஆரம்பித்தீர்கள். வலி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டினீர்கள். காலிலிருந்து செய்தி மேலே போகிறது, மூளையிலிருந்து கீழேயும் செய்தி வருகிறது, வழியில் முதுகுத்தண்டில் அதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்றீர்கள். 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு பேர் முன்வைத்த கருத்து இதற்கு அடிப்படை என்று சொன்னீர்கள். மாதக்கணக்கில் வலித்த உடம்பில் நரம்புகளே கூருணர்வு பெற்றுவிடும், வீக்கம் போன பிறகும் சின்னத் தொடுகை பெரிதாகத் தெரியும் என்றீர்கள். எனக்கு விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "ஆடி மாசம் கோயில்ல கூம்பு ஸ்பீக்கர் வைப்பாங்கல்ல? பாட்டு அதே பாட்டுதான். வால்யூமை யாரோ கூட்டி வச்சிட்டாங்க. தூக்கம் இல்லாதது, பயம், தனிமை எல்லாம் அந்த வால்யூமைக் கூட்டும். நாம அதைக் குறைக்கப் பழகுவோம்" என்றீர்கள். மனசுக்குச் சிகிச்சை எதற்கு என்று எனக்குப் புரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

அப்பாவையும் நீங்கள் விடவில்லை. குழந்தைகளின் நாள்பட்ட வலிக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னீர்கள். பத்தொன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி, மனநலச் சிகிச்சை, மருந்து மூன்றையும் தேவைக்கேற்பச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமும் அதே 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறது. அப்பா அந்த வரியை மட்டும் இரண்டு முறை கேட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அவரே என்னை அழைத்து வந்தார், கடையைச் சாத்திவிட்டு.

நீங்கள் கொடுத்த ஒரு கோடு போட்ட நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வலி குறைந்த நாளில் விட்டதையெல்லாம் பிடிக்கிற மாதிரி ஓடுவேன், அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடப்பேன். நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் இது மாறி மாறி வருவது கண்ணுக்குத் தெரிந்தது. நல்ல நாளிலும் அளவோடு, கெட்ட நாளிலும் கொஞ்சமாவது என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தீர்கள். கெட்ட நாளில் தெருமுனை வரை, நல்ல நாளிலும் பெட்டிக்கடை வரைதான். கேட்க இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது, நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது இதனால்தான்.

அம்மாவிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தினமும் காலையில் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "வலிக்குதாடா?" பாசத்தில்தான் கேட்பார். ஆனால் கேட்டதுமே என் கவனம் குதிகாலுக்குப் போய்விடும். திடீரென்று ஒருநாள் அம்மா, "இன்னைக்கு முதல் பீரியடு என்னடா?" என்று கேட்டார். அப்புறம் தினமும் அதுதான். வலி அதிகமானால் நானே சொல்வேன், சொன்னால் நம்புவார் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. கேட்காமல் இருக்க அம்மா எவ்வளவு சிரமப்பட்டார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறப்பார், மூடுவார், தோசைக்கல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அப்பத்தாவுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுங்கள். விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுகிற ஆட்கள் எங்கள் வீட்டில் இரண்டே பேர்: முழங்கால் வலியில் அப்பத்தா, முதுகு வலியில் நான். திண்ணையில் உட்கார்ந்து வரக்காப்பி குடிப்போம். "எனக்கும்தான் வலிக்குது, நான் பொறுத்துக்கலையா?" என்று சொல்ல எல்லா உரிமையும் உள்ளவர் அப்பத்தா. ஒருநாளும் சொன்னதில்லை. "எனக்கு வயசாச்சு, வரும். உனக்கு இந்த வயசுல வந்திருக்கக்கூடாதுய்யா" என்றுதான் சொல்வார். வந்த உறவுக்காரர்கள், "ஆம்பளப் பிள்ளை இதுக்கெல்லாம் அழலாமா?" என்றபோது, "நீ வந்து அந்தக் காலை வச்சுக்கிட்டு ஒரு நாள் நடந்து பாரு" என்று வாயை அடைத்ததும் அப்பத்தாதான்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். தமிழ் ஐயா, முதல் மணி அடித்து அரைமணி கழித்து வந்தாலும் தாமதம் போடாமல் விட்டீர்கள். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பாடம் கேட்கலாம் என்றீர்கள். தலைமையாசிரியை அம்மா, பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பிரிவை மாடியிலிருந்து கீழே இறக்கினீர்கள். மேலே மின்விசிறி ரிப்பேர் என்று எல்லோரும் நம்பினோம், நானும் நம்பினேன். அது எனக்காக என்பதை பிளஸ் டூ முடித்து டி.சி. வாங்க வந்தபோதுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். தயவு காட்டப்படுகிறவன் என்ற கூச்சம் எனக்கு வரக்கூடாது என்று அவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். அந்த வயதில் படிக்கட்டு ஏறுவதைவிட, "அவனுக்காகத்தான் மாத்தினாங்க" என்ற பேச்சைத் தாங்குவது எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

காலைப் பேருந்தின் நடத்துநர் அண்ணனுக்கு: உடம்பில் ஊனம் தெரியாத பையன் சீட்டில் உட்கார்ந்திருந்தால், "பெரியவங்க நிக்குறாங்க, கண்ணு தெரியலையா?" என்று கேட்பார்கள். தப்பும் சொல்ல முடியாது. நீங்கள் முன்சீட்டைக் காட்டி, "தம்பி, நீ இங்க உட்காரு" என்று சொல்லிவிடுவீர்கள். என்ன, ஏது என்று கேட்டதே இல்லை.

அடுத்ததை எழுதச் சம்மதமா என்று அவனிடமே கேட்டுவிட்டேன். என் நண்பன். கபடி ஆட முடியாமல் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்து கேரம் போர்டை எடுத்துப் போடுவான். அனுதாபமாக ஒரு வார்த்தை பேச மாட்டான். தோற்றால் திட்டுவான். ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில், "காலையில கண்ணே முழிக்காம இருந்தா நல்லாருக்கும்டா" என்று நான் சொன்னேன். அவன் ஸ்டிரைக்கரைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டான்: "செத்துப்போகணும்னு நினைக்கிறியா?" நான் பதில் சொல்லவில்லை. அவன் எழுந்து போகவும் இல்லை. அம்மா வரும்வரை உட்கார்ந்திருந்து, எனக்கு முன்னாலேயே அம்மாவிடம் சொன்னான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் கெஞ்சியதை அவன் கேட்கவில்லை. அன்று ராத்திரியே அப்பா ஆலோசகர் மேடத்துக்குப் போன் செய்தார். பல வாரம் அவனோடு பேசாமல் இருந்தேன். சனிக்கிழமை மட்டும் வந்துகொண்டே இருந்தான்.

நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். மேடம் எங்களிடம் தெளிவாகச் சொன்னார்: கேட்பதால் அந்த எண்ணம் வராது, ஏற்கெனவே இருந்தால் பாரத்தை இறக்கி வைக்க வழி கிடைக்கும். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு ராத்திரி வந்தால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசுச் சேவை. கட்டணம் கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அம்மா அதை எழுதி ஒட்டியிருக்கிறார்.

இன்னும் இரண்டு பேர். இடுப்பைத் திருப்பவே பயந்தவனை, "வலிச்சா நிறுத்திடலாம், உன் கையிலதான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே நீட்டி மடக்க வைத்த பிசியோதெரபிஸ்ட் அக்கா. மருத்துவமனைக் காத்திருப்பு வரிசையில் பழக்கமான அண்ணன். முதுகுத்தண்டு வாதத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறவர், கல்யாணமும் ஆகிவிட்டது. "எனக்கு இதோட பத்து வருஷம் ஆச்சு தம்பி, பார், நல்லாத்தானே இருக்கேன்?" என்றார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவர் நடந்து போவதைப் பார்த்ததே எனக்குப் போதும்.

வலி இப்போதும் இருக்கிறது. சில காலைகளில் விடுதியின் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். அறைத்தோழனிடம் முதல் வாரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சரிடா, காலையில உனக்கும் சேர்த்து டிபன் வாங்கி வந்துடறேன்" என்றான். அவனையும் இந்த நன்றியில் சேர்த்துக்கொள்கிறேன்.

அப்பா, அம்மா, உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் ஓடவில்லை. பொங்கலுக்கு வரும்போது நேரிலேயே சொல்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் பிள்ளை