கவிதை பிடித்திருக்கிறது, சரி, எந்தச் சொல்லால்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கவிதை வாசிப்புக் குறிப்புகள் வெளிவருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல், தலைப்பை மட்டும் மாற்றினால் வேறு எந்தக் கவிதைக்கும் அப்படியே பொருந்திவிடும். "மனத்தைத் தொட்டது", "உருவகம் அருமை", "கவிஞரின் கற்பனை வியக்க வைக்கிறது" என்று எழுதுகிறார்கள். தொட்டது எந்தச் சொல் என்று தேடினால் கிடைப்பதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. "சொந்தக் கருத்தை எழுது" என்கிறோமே தவிர, அதை எங்கே தேடுவது என்று நாம் காட்டிக் கொடுப்பதில்லை.

முதலில் வரிசை. பழம்பாடல் என்றால் அருஞ்சொற்பொருளை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதை மறைத்துக்கொண்டு "உணர்ந்து சொல்" என்பது கண்ணைக் கட்டிவிட்டு வண்ணம் கேட்பது போல. ஒளித்து வைக்க வேண்டியது பொழிப்புரையைத்தான். அது முதலில் வந்துவிட்டால் மாணவர் கவிதையை விட்டுவிட்டு உரையைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுவார். பாடலை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும், இரண்டாம் முறை மாணவரே. பிறகு ஐந்து நிமிடம் பேச்சில்லை. பென்சிலால் ஒரே ஒரு சொல்லுக்கு அடிக்கோடு. அந்தச் சொல்லில் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, தொட்டால் எப்படி இருக்கும் என்று மூன்று வாக்கியம். "பொருள் என்ன" என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிகிற குறுந்தொகைப் பாடல்கள் இதற்கு அளவெடுத்தது போல அமையும்.

வெள்ளிவீதியாரின் 58ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். காதல் நோயில் கிடக்கும் தலைவன், தன்னைக் கண்டிக்கும் நண்பனிடம் சொல்கிறான்:

"ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணின் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய் நோன்றுகொளற்கு அரிதே."

வெயில் காயும் பாறையில் உருகிப் பரவும் வெண்ணெய். காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. கண் மட்டும் உண்டு. இதற்கு வழக்கமாக வரும் விடை: "வெண்ணெய் வெண்மையானது, அதுபோலக் காதலும் தூய்மையானது." இதைத் தவறு என்று அடித்துவிட்டுப் போனால் மாணவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். ஏன் நிற்கவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கான கருவி நம்மிடமே இருக்கிறது. உவமை நான்கு வழியில் தோன்றும் என்கிறது தொல்காப்பிய உவமவியல்: "வினைபயன் மெய்உரு என்ற நான்கே." செயல், பயன், வடிவு, நிறம். நான்கையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தைப் பற்றிப் பாடலில் ஒரு சொல்லும் இல்லை. வடிவு? நோய்க்கு ஏது வடிவு. "பரந்தன்று", அதாவது பரவிவிட்டது, என்ற வினைச்சொல்தான் வெண்ணெயையும் நோயையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே இது வினையுவமம். தூய்மை மாணவரின் நினைப்பில் இருந்து வந்தது, பாட்டில் இருந்து வரவில்லை.

அடுத்தது மாற்றிப் பார்க்கும் சோதனை. வெண்ணெய்க்குப் பதில் நெல்லை வையுங்கள்: காவல் இருக்கும், பரவல் போய்விடும். ஊமனுக்குக் கையைக் கொடுங்கள்: எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விடுவான். பேச்சைக் கொடுங்கள்: யாரையாவது கூப்பிடுவான். இரண்டையும் பறித்துவிட்டுக் கண்ணை மட்டும் விட்டுவைத்ததில்தான் கொடுமை முழுவதும் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்த மாணவர் தாமாகவே ஒன்றைக் கவனிக்கக்கூடும். பாடல் "இடிக்கும் கேளிர்" என்று தொடங்குகிறது. கண்டிக்கிற அந்த நண்பனுக்குக் கையும் உண்டு, வாயும் உண்டு! வாயைத் திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறான். "அவன் ஏன் வெண்ணெயை எடுக்கவில்லை?" என்று ஒரு மாணவர் எழுதினால், பத்துப் பக்க நலம் பாராட்டலைவிட அந்த ஒரு வரி எனக்குப் பெரிது.

சொந்த அனுபவம் என்ற பெயரில் நடக்கும் வழுக்கலையும் சொல்ல வேண்டும். வெண்ணெய் என்றதும் பாட்டி நினைவு, பாட்டி என்றதும் விடுமுறை; கவிதை எங்கோ நின்றுவிடுகிறது. கேம்பிரிட்ஜில் கற்பித்த ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை நீக்கிவிட்டு மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அப்படிப் பெற்ற கருத்துகளை, 13 கவிதைகளைக் கொண்டு 1929இல் நூலாக ஆராய்ந்தார். கவிதைக்குத் தொடர்பில்லாத சொந்த நினைவு குறுக்கிடுவதும், முன்பே தயாராக இருக்கும் உணர்ச்சியை எடுத்து ஒட்டுவதும் அவர் பட்டியலிட்ட இடர்களில் உண்டு. ஏறக்குறைய நூறாண்டு ஆகியும் இரண்டும் அப்படியே இருக்கின்றன. இதற்காக நினைவைத் தடை செய்ய வேண்டியதில்லை. நினைவை எழுதிய பின் அடுத்த வாக்கியம் பாடலின் ஒரு சொல்லுக்குத் திரும்ப வேண்டும் என்று விதி வைத்தால் போதும். திரும்ப முடியாத நினைவு தானே உதிர்ந்துவிடும்.

படிமத்தையும் (ஒப்பீடு இல்லாமல் கண்முன் நிற்கும் காட்சி) உருவகத்தையும் (ஒன்றை இன்னொன்றாகவே சொல்வது) குழப்பிக்கொள்வது இன்னொரு தொல்லை. குறுந்தொகையில் கபிலரின் 25ஆம் பாடலில் "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால" என்பது உவமை. "போன்ற" என்று பொருள்படும் "அன்ன" என்ற உருபே சொல்லிவிடுகிறது. ஆனால் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் அந்தக் குருகை, அதாவது நீர்ப்பறவையை, எதனோடும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. அது வெறுமனே நிற்கிறது. "குருகு என்றால் தலைவன்" என்று உடனே சமன்பாடு போட்டுவிட்டால், யாரும் அறியாமல் நடந்த களவு மணத்துக்கு வேறு சாட்சியே இல்லை, இருந்த ஒன்றும் மீனைத்தான் பார்த்தது என்கிற தவிப்பு காணாமல் போகும். எதற்கு நிகர் என்று கேட்கும் முன், அது அங்கே என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

மறுத்து எழுதும் மாணவருக்கும் இடம் கொடுங்கள். குறுந்தொகையின் "செம்புலப் பெயல்நீர்" (செம்மண்ணில் பெய்த மழைநீர்) என்றதும் "பிரிக்க முடியாத அன்பு" என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். "சற்று நேரம் விட்டால் மண் அடியில் படிந்து நீர் தெளிந்துவிடுமே" என்று ஒருவர் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று அடக்கிவிடாதீர்கள். பாடல் "கலந்தனவே" என்றுதான் முடிகிறது. பிரியாது என்று எங்கும் சொல்லவில்லை. யார், எந்தச் சூழலில் சொன்னது என்று பாடலோடு வரும் துறைக் குறிப்பைப் பாருங்கள்: தலைவன் பிரிவான் என்று எண்ணி அஞ்சிய தலைவியின் குறிப்பை உணர்ந்து அவன் சொன்னது அது. மாணவரின் ஐயமும் தலைவியின் அச்சமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. துறைக் குறிப்பை முதலிலேயே படித்துக் காட்டியிருந்தால் இந்த ஐயம் எழாமலே போயிருக்கும்.

திருத்தும்போது ஓரத்தில் "நன்று" என்று எழுதுவதைவிட "எந்தச் சொல்?" என்று எழுதுவது பயன் தரும். ஒரு வாரம் கழித்து அதே பாடலை அதே மாணவரிடம் திரும்பக் கொடுத்து, முதல் குறிப்பின் கீழேயே மாறியதை மட்டும் எழுதச் சொல்லலாம். பழையதை அழிக்கக் கூடாது.

தங்கள் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பை 100 சொற்களுக்குள் கேளுங்கள். அதன் பக்கத்திலேயே பாடலை முழுமையாக அச்சிட்டு, மாணவர் அடிக்கோடிட்ட சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். ஒரே பாடலுக்கு வெவ்வேறு சொற்களைத் தேர்ந்த இரண்டு குறிப்புகள் கிடைத்தால், இரண்டையும் அருகருகே போடுங்கள்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்