ஃபால்ஸ் ஃப்ளோருக்கு அடியில் கிடப்பதை யார் எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அலுவலகங்களில் மின்சாரம், கேபிள் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் நான். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் வருகிற பெரிய டேட்டா சென்டர்களைப் பற்றி நாளிதழ்களில் நிறைய படிக்கிறோம், சந்தோஷம்தான். ஆனால் வங்கி, கல்லூரி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என்று ஊர் முழுக்க இருக்கிற சின்ன சர்வர் ரூம்களை, அதாவது மொத்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான மெஷின்களான சர்வர்கள் இருக்கும் அறைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே தரைக்கு அடியில் குவிந்து கிடக்கும் பழைய கேபிளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்கிரீட் தரைமேல் இரும்புக் கால்களை நிறுத்தி, அவற்றின்மேல் 600 மில்லிமீட்டர் சதுர டைல்களை உட்கார வைப்பதுதான் ஃபால்ஸ் ஃப்ளோர். சாதாரண ஆபீஸில் அரை அடி உயரம் போதும், சர்வர் ரூமில் ஒன்றிலிருந்து இரண்டு அடி வரை வைப்பார்கள். அடியில் கேபிள் ஓடும். முறையாகக் கட்டிய அறையில் ஏசி மெஷின் குளிர்ந்த காற்றையும் அதற்குள்தான் தள்ளும். சர்வர்களை அடுக்கி வைக்கும் இரும்பு அலமாரியான ரேக்குக்கு முன்னால் போட்ட ஓட்டை டைல் வழியாக அது மேலே வந்து சர்வருக்குள் போக வேண்டும்.

இந்த இடம் குப்பைக் கிடங்காகிவிட்டது. பழைய கட்டிடத்தில் ஒரு டைலைத் தூக்கிப் பாருங்கள், அடியில் பழைய காலத்து நெட்வொர்க் கேபிளான கறுப்பு கோஆக்சியல், அதன்மேல் அடுத்து வந்த சாம்பல் நிற கேட்-5, அதன்மேல் அதற்கும் பின்னால் வந்த நீல கேட்-6, நடுவே எந்த யூபிஎஸ்ஸுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாத பவர் கேபிள், எல்லாவற்றுக்கும் மேலே தூசியும் எலிப் புழுக்கையும். ஒவ்வொரு முறை சிஸ்டம் மாற்றும்போதும் புதுசை இழுத்தார்களே தவிர பழசை எடுக்கவில்லை. காற்று போக வழியில்லை, ரேக் சூடாகிறது, உடனே ஏசியை இன்னும் இறக்கி வைக்கிறார்கள், கரண்ட் பில் ஏறுகிறது. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று ஏசி துறைக்கு வழிகாட்டுதல் வகுக்கும் அமெரிக்காவின் அஷ்ரே அமைப்பே பரிந்துரைக்கிறது. அறையைக் குளிர்பெட்டி ஆக்கத் தேவையே இல்லை, காற்று போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போனால் போதும். இன்னொன்று, ரேக்குக்குப் பின்னால் நின்றால் அனலடிக்கிறது என்று ஓட்டை டைலைக் கொண்டுபோய் அங்கே போட்டுவிடுகிறார்கள். அது சூடான காற்று வெளியே வரும் பக்கம். அங்கே குளிர்காற்றை விட்டால் சர்வருக்கு ஒரு பயனும் கிடையாது.

பில்லைவிடப் பெரிய பயம் தீ. கேபிளின் சாதாரண பிவிசி பிளாஸ்டிக் உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஆளுக்கு மூச்சடைக்கும், தப்பித்த மெஷினையும் அரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புகையத் தொடங்கினால் மேலே கூரையில் மாட்டிய டிடெக்டருக்குத் தெரிய நேரமாகும். அமெரிக்காவின் மின்சார விதித்தொகுப்பில், பயன்பாட்டில் இல்லாத தகவல்தொடர்பு கேபிளைக் கைக்கு எட்டும் வரையில் அகற்றியாக வேண்டும் என்று 2002-லேயே சேர்த்துவிட்டார்கள்.

சரி, இங்கே ஏன் யாரும் எடுப்பதில்லை? டெண்டரைப் பாருங்கள். புது கேபிள் இழுக்க மீட்டருக்கு இவ்வளவு என்று ரேட் இருக்கும், பழசை எடுக்க ஒரு வரிகூட இருக்காது. கூலி இல்லாத வேலையை எந்த கான்ட்ராக்டர் செய்வார்? அப்படியே ஒருவர் செய்ய வந்தாலும் அரசு அலுவலகத்தில் விடமாட்டார்கள், உள்ளே இருப்பது செம்பு, கண்டெம் செய்து, அதாவது இனி உதவாது என்று எழுதி, ஸ்டாக் பதிவேட்டில் கழிக்காமல் வெளியே போனால் ஆடிட்டில் கேள்வி வரும். அந்தப் பயம் நியாயமானது, அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போதாக்குறைக்கு கேபிளில் லேபிள் கிடையாது. எது உயிரோடு இருக்கிறது என்று தெரியாமல் வெட்டினால் மொத்த ஆபீஸும் நின்றுவிடும்.

இதில் அடிபடுவது கடைசியில் கூலி ஆட்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க்காரர்கள் டைலைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள், தடுப்பும் இல்லை, போர்டும் இல்லை. துடைக்க வந்த அக்காவின் கால் உள்ளே போய் முழங்காலுக்குக் கீழே டைல் விளிம்பு கிழித்துவிட்டது. சிமென்ட் நிரப்பிய இரும்பு டைல் ஒன்று 15 கிலோ அளவுக்கு இருக்கும், விளிம்பு கத்தி மாதிரி. அதைத் தூக்க சக்ஷன் லிஃப்டர் என்று ஒன்று இருக்கிறது, அதைக்கூட வாங்கித் தராமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பச் சொல்கிறார்கள். ஒரு வரிசை டைலை மொத்தமாக எடுத்தால் அடியில் தாங்கும் இரும்புக் கால்கள் சாய்ந்துவிடும் என்று வேலைக்கு வருகிற பையன்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை.

தமிழக அரசின் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமான எல்காட், பொதுப்பணித்துறை, வங்கிகள், யார் டெண்டர் போட்டாலும் பழைய கேபிளை அகற்ற மீட்டர் ரேட்டுடன் தனி வரி சேருங்கள், செம்பை எடை போட்டு ஒப்படைத்து ரசீது வாங்கும் வழியையும் அதிலேயே எழுதுங்கள். புதிதாக இழுக்கும் ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் லேபிள் கட்டாயம் என்று வையுங்கள், இல்லாவிட்டால் பில் பாஸ் ஆகக் கூடாது. தரைக்கு அடியிலும் புகை டிடெக்டர், ஏசி தண்ணீர் கசிந்தால் சத்தம் போடும் சென்சார் கேபிள், இரண்டும் வேண்டும். டைல் திறந்திருக்கும் வரை ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், அந்த ஆளின் கூலியையும் எஸ்டிமேட்டிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மின் பராமரிப்புப் பணியாளர்,
சென்னை