மாமாவின் புறாக்கூண்டு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுகிற நீ, மகளின் கல்யாணச் செய்தியைக்கூட இரண்டே வரியில் முடித்திருந்தாய். அதைப் படித்ததும் மனம் கேட்காமல் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் மேஸ்திரியாக இருக்கும் என் அக்கா வீட்டுக்காரரை உனக்குத் தெரியும். போன வருஷம் ஆறு மாதமாக முதுகுவலி, வயிற்றெரிச்சல் என்று அலைந்தார். எல்லாப் பரிசோதனையும் செய்தும் ஒன்றும் தெரியவில்லை. குழம்பில் உப்பு குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். வயதாக ஆக முன்கோபம் ஏறிவிட்டது என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் இரவு அங்கே தங்கியிருந்தேன். மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால், மாமா இருட்டில் புறாக்கூண்டின் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு புறாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டு இரை வைப்பவர் அவர். அந்தக் கூண்டின் தண்ணீர்த் தொட்டி காய்ந்து, பாசி வெடித்துக் கிடந்தது. "தூக்கம் வரலையா மாமா?" என்றேன். "வந்து என்ன ஆகப்போகுது?" என்றார்.

பாகாயம் மனநல மையத்துக்கு அழைத்துப் போனோம். மனச்சோர்வு என்றால் அழுகை, வாடிய முகம் என்றே நினைத்திருந்தேன். ஆண்கள் பலரிடம் அது எரிச்சலாகவும், குடியாகவும், காரணம் தெரியாத உடல்வலியாகவும், ஓயாமல் வேலையில் மூழ்குவதாகவும் வெளிப்படும் என்பதும், பிடித்தவற்றில் நாட்டமின்மையும் தூக்கக்கேடும் அசதியும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதும் அங்கேதான் விளங்கியது. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே நிறுத்தப் பார்த்தவரை அக்காதான் விடவில்லை. இப்போது புறாக்களுக்குத் தண்ணீர் வைக்கிறார்.

2021இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 1,18,979 பேர் ஆண்கள். அதனால் உன்னிடம் நேராகவே கேட்கிறேன். விடியுமுன்பே விழித்துவிடுவதாகவும், நடைப்பயிற்சியை விட்டுவிட்டதாகவும், தங்கச்சி பேசினாலே எரிச்சல் வருவதாகவும் போனில் சொன்னாயே, செத்துவிடலாம் என்ற நினைப்பும் வருகிறதா? இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் பேசு. அரசு நடத்தும் இலவச எண், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணமங்கலம் வழியாக ஆரணி பஸ்ஸில் வருகிறேன். பாகாயம் போவதென்றால் நானும் கூடவே வருவேன். ஒரு வரி பதில் போடு, போடாவிட்டாலும் வருகிறேன்.

என்றும் உன்
நண்பன்