கொட்டாஞ்சேனையைத் தமிழிலும் சுற்றிக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து ஐம்பது வருடமாக ஒரே ஒழுங்கையில் இருப்பவன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, கனடாவிலிருந்து வந்த தங்கையின் மகன் இழுத்துக்கொண்டு போனதால், காசு கட்டி எங்கள் ஊரையே சுற்றிப் பார்த்தேன். ‘ஹெரிடேஜ் வோக்’ என்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர், முன்னால் ஒரு இளம் வழிகாட்டி, எல்லாம் ஆங்கிலத்தில்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல வரவில்லை, நன்றாகவே படித்துக்கொண்டு வந்திருந்தது. வுல்வெண்டால் தேவாலயத்தை இத்தனை வருடமும் வெளியில் நின்று பார்த்ததோடு சரி, அன்றைக்குத்தான் உள்ளே போனேன். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் திறந்தது. சுவர் ஏறக்குறைய ஐந்தடி தடிப்பு, வெளியே வெயில் கொளுத்த உள்ளே குளிர்ந்து கிடக்கிறது. நிலத்தில் பதித்த கல்லறைக் கற்களில் குடும்பச் சின்னங்கள், காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போர்த்துக்கேயரின் குவாதலூப்பே மாதா கோயிலின் பெயர்தான் ஒல்லாந்தர் வாயில் ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ ஆகி வுல்வெண்டால் என்று நின்றுவிட்டதாம். இலங்கையில் ஓநாய் ஏது!

தீபதுத்தாராமய விகாரையிலும் அப்படித்தான். வெசாக் பண்டிகைக்குக் கடை கடையாகத் தொங்குகிற பௌத்த கொடி முதன்முதலில் ஏறியது அந்த முற்றத்தில், 1885 வெசாக் அன்று. அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1883 ஈஸ்டர் ஞாயிறன்று, இதே தெருக்களில்தான் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் கலவரம் நடந்தது. புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தைத் தினமும் பார்க்கிற எனக்கு இதெல்லாம் தெரியாது, வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு வந்ததும் கதை மாறியது. செருப்பைக் கழற்றுங்கள், இது சிவன் கோயில், பத்து நிமிடம், அவ்வளவுதான். தகப்பன் பொன்னம்பல முதலியார் 1850களில் எழுப்பிய கோயிலை மகன் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டினாரே, அது ஒரு வரியும் வரவில்லை. விளக்கெண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்த தூண்களை யாரும் நின்று பார்க்கவில்லை. வாசலில் பூ விற்கிற அம்மா, சின்ன வயதில் ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து ரதத்துக்குப் பின்னால் பம்பலப்பிட்டி வரை நடந்து போனதையும், வழியில் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்ததையும் தானாகவே சொல்லத் தொடங்கினார். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது, சிரித்துவிட்டு நேரத்தைப் பார்த்தது. மருமகன் அரைகுறையாக மொழிபெயர்த்ததற்குத்தான் எல்லோரும் காது கொடுத்தார்கள்.

நான் கேட்பது இதுதான். மாதம் ஒரு நாளாவது இந்த நடையைத் தமிழில் வையுங்கள். நம்மவர்களில் படித்த பிள்ளைகள் இல்லையா, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வழியில் இப்படி ஒரு பூக்கார அம்மாவிடமோ பழைய நகைப் பத்தரிடமோ பதினைந்து நிமிடம் நிற்கட்டும். இங்கே இருக்கிற பாடசாலைகளிலிருந்து ஒரு வகுப்புக் கூட வந்தால் நல்லது. பிள்ளைகளை பஸ் பிடித்து சிகிரியாவுக்குக் கூட்டிப் போகிறோம், பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிப் போவதில்லை.

அப்புறம், பார்க்க மிச்சம் இருக்கும்போதே செய்ய வேண்டும். எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு ஓட்டு வீடு இருந்தது, கதவுக்கு மேலே காற்றுக்காகப் பலகையில் கொடியும் பூவுமாகக் குடைந்திருப்பார்கள். அதை முதலில் கழற்றிப் பழைய சாமான் கடைக்கு விற்றார்கள், பிறகு வீட்டை இடித்தார்கள், இப்போது அந்த இடத்தில் மாடிக் கட்டடம்.

யாராவது ஒழுங்கு செய்வதானால் காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். ஒன்பது மணி தாண்டினால் மூட்டை சுமக்கிற நாட்டாமைமாரின் கைவண்டிக்கும் லொறிக்கும் நடுவே செட்டியார் தெருவில் மேலே பார்த்து நடக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழும்பு 13