பெர்லினில் தரையைப் பார்த்து நடந்தேன், சித்தி

அன்புள்ள சித்திக்கு,

"நாலு பேரோட போனாத்தான் ஊர் சுத்துறது. தனியா போனா அதுக்குப் பேரு அலைச்சல்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் சொல்லி முடியாது என்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெர்லினுக்குப் பேச்சுத்துணையோடு போனால் பாதி ஊர் கண்ணில் படாது. அங்கே பார்க்க வேண்டியவை பலவும் காலடியில்தான் கிடக்கின்றன. கதை பேசிக்கொண்டு போகிறவர் எவர் தரையைப் பார்க்கிறார்?

காலையில் நோர்ட்பான்ஹோஃப் ஸ்டேஷனில் இறங்கி பெர்னாவர் தெருவில் நடக்க ஆரம்பித்தேன். 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு பெர்லினுக்கும் மேற்கு பெர்லினுக்கும் நடுவே இருந்த எல்லையைக் கிழக்கு ஜெர்மன் அரசு மூடியபோது இந்தத் தெருவுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கு பெர்லின். அவற்றின் வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை மேற்கு பெர்லின். ஜனங்கள் மாடி ஜன்னலிலிருந்து குதித்திருக்கிறார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்புக்காரர்கள் துணியை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். சிலர் பிழைக்கவில்லை. பிறகு ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்து, குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டார்கள். எல்லையை அடைக்க எழுப்பிய பெர்லின் சுவர் இன்று கொஞ்ச தூரத்துக்கு அப்படியே நிற்கிறது. மற்ற இடங்களில் அது போன தடத்தில் துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை நட்டிருக்கிறார்கள். கம்பிகளுக்கு நடுவே புகுந்து போகலாம். நான் இரண்டு பக்கமும் சும்மா போய் வந்தேன்.

எல்லைக்கு நடுவில் ஒரு தேவாலயம் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. 1985இல் கிழக்கு ஜெர்மன் அரசு அதை வெடிவைத்துத் தகர்த்தது. அடுத்த நான்கே வருடத்தில் பெர்லின் சுவரே போய்விட்டது! அதே இடத்தில் 2000இல் ஒரு சின்ன மண் தேவாலயம் எழுப்பினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், இடித்து இறுக்கிய மண்ணில் பழைய தேவாலயத்தின் செங்கல் சில்லுகள் தெரிகின்றன. தாத்தா வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவர் மாதிரியே இருந்தது. பக்கத்திலேயே, காவலர்கள் துப்பாக்கியோடு ரோந்து போன நிலத்தில், ரை தானியம் விளைகிறது. ஜூன் மாதம் என்பதால் கதிர் நன்றாக வளர்ந்து நின்றது.

அங்கிருந்து தெற்கே போனேன். சிக்னலில் சிவப்பு விழுந்தால் தொப்பி போட்ட குட்டி மனிதன் கையை விரித்து நிற்கிறான். கிழக்கு ஜெர்மனியின் கார்ல் பெக்லாவ் 1961இல் உருவாக்கியவன். ஒரு வண்டியும் வராதபோதும் பலர் அவன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார்கள். சித்தப்பாவைக் கூட்டிப்போனால் அங்கேயே சண்டை வரும்.

பிறகுதான் அந்தக் கற்கள். பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு, வீட்டு வாசலில், நடைபாதையோடு மட்டமாக. 'இங்கே வசித்தார்' என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த வருடம், நாடு கடத்திய வருடம், கொன்ற இடம். நாஜிகள் கொண்டுபோனவர்கள் கடைசியாகத் தம் விருப்பப்படி குடியிருந்த வீட்டின் முன்னால் இவற்றைப் பதிக்கத் தொடங்கியவர் குன்டர் டெம்னிக் என்ற கலைஞர். ஷ்டோல்பர்ஷ்டைன், அதாவது 'தடுக்கும் கல்' என்கிறார்கள். ஐரோப்பா முழுக்க இப்போது 1,00,000க்கும் மேல். ஒரு வாசலில் ஒரே குடும்பப் பெயரில் நாலைந்து சேர்ந்து கிடந்தன. குனிந்து வருடங்களைக் கழித்துப் பார்த்தேன். கடைசிக் கல் ஒரு கைக்குழந்தைக்கு.

க்ரோஸ ஹாம்பூர்கர் தெருவில் ஒரு வீடு இருந்த இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. 1945இல் குண்டு விழுந்து போனது. இருபுறமும் நிற்கிற வீடுகளின் பக்கச் சுவரில், காணாமல்போன வீட்டில் குடியிருந்தவர்களின் பெயரையும் தொழிலையும் பலகைகளாக மாட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி 1990இல் செய்தது. நடுவில் வெற்றிடம்தான். நான் பார்த்த நினைவுச்சின்னங்களில் இதற்கு ஈடு வேறில்லை என்பேன்.

மியூசியம் தீவைத் தாண்டிப் போய்விட்டேன். உள்ளே நுழைந்தால் நாளே போய்விடும். உன்டர் டென் லிண்டன் சாலையில் லிண்டன் மரங்கள் பூத்து வாசம் தூக்கியது. அதே சாலையில் நோய வாகே என்ற மண்டபத்தில், மடியில் இறந்த மகனோடு ஒரு தாயின் சிலை. கேத்தே கோல்விட்ஸ் என்ற சிற்பி செய்த சிலையைப் பெரிதாக்கி வைத்தது; அவருடைய மகன் 1914இல் போரில் செத்தவன். கூரையின் நடுவில் வட்டமாகத் திறந்து விட்டிருக்கிறார்கள், மழையும் பனியும் அவள்மேல் விழட்டும் என்று. பிராண்டன்பர்க் வாசலைப் போஸ்ட்கார்டில் பார்த்தாலே போதும். பழைய எல்லைச் சோதனைச் சாவடியான செக்பாயின்ட் சார்லி இப்போது வெறும் போட்டோக் கடை.

பசித்தபோது துருக்கிக்காரர் கடையில் ஃபலாஃபெல் ரொட்டி. இருட்டுமே என்று பயப்படாதீர்கள், ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

உங்கள் மூட்டுவலிக்கும் வழி இருக்கிறது. பெர்னாவர் தெரு நெடுக எம்10 டிராம் ஓடுகிறது, உன்டர் டென் லிண்டனுக்கு 100ஆம் எண் பஸ். க்ரோஸ ஹாம்பூர்கர் தெருவை மட்டும் நடந்துதான் பார்க்க வேண்டும். சின்னத் தெருதான். நான் பேசாமல் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்