நடந்த பாதையைப் பிள்ளைகளே செப்பனிடட்டும்

கோடை விடுமுறையில் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப் போகும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பயணத் திட்டங்கள் பலவற்றைப் படித்துவிட்டேன். ஐந்து நாள் மலையேற்றம், படகு, கூடாரம். ஆறாம் நாள் மட்டும் ‘சமூகப் பணி’. அன்று பிள்ளைகள் ஏதோ ஒரு சுவருக்கு வண்ணம் பூசுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், பஸ் ஏறுவார்கள். அந்தச் சுவருக்கு வண்ணம் வேண்டுமா என்று அந்த ஊரில் யாரையாவது கேட்டீர்களா? சுவர் கட்டவே விட்டு, பிள்ளைகள் கோணலாகக் கட்டியதைக் கொத்தனார் வந்து இடித்துக் கட்ட வேண்டியிருந்தால், அது யாருக்குச் செய்த உதவி?

நான் கேட்பது ஒன்றுதான். அவர்கள் நடந்த பாதையிலேயே வேலை கொடுங்கள்.

மலைப்பாதையை மழைநீர் போல எதுவும் கெடுப்பதில்லை. கால் பட்டுப் பட்டு இறுகிய மண்ணுக்குள் நீர் இறங்காது. பாதை வழியே ஓடி, அதையே வாய்க்காலாக அறுத்துவிடும். வளைந்து ஏறும் பாதையில் குறுக்கே இறங்குகிறவர்கள் நீருக்கு இன்னொரு வழியும் போட்டுக் கொடுக்கிறார்கள். அதனால்தான் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்லோ கட்டையோ பதித்து, நீரைச் சரிவுப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அதை ஒட்டிச் சேரும் மண்ணையும் சருகையும் அவ்வப்போது வாரிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீர் மேலேறி ஓடும். கல் பதிப்பது பெரியவர்கள் வேலை. வாரிவிடுவதற்கு 12 வயதுக் கை போதும். முந்தின நாள் அதே சேற்றில் வழுக்கி விழுந்த பிள்ளைக்கு, இந்த வேலை எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாகசத்தையும் சேவையையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் முன்பே இருந்தார்கள். ஸ்காட்லாந்தில் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் நடத்திய கோர்டன்ஸ்டவுன் பள்ளியில் மாணவர்கள் முறைவைத்துக் கடலோரக் காவலுக்கு நின்றார்கள். 1941இல் வேல்ஸில் கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து அவுட்வர்ட் பவுண்ட் என்ற சாகசப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவரும் அவர்தான். கடலிலும் மலையிலும் கற்ற திறமை ஆபத்தில் சிக்கிய இன்னொருவருக்கு உதவ வேண்டும் என்று அவர் நம்பினார்.

கழிப்பிட விஷயத்தையும் இப்படியே சொல்லிக் கொடுங்கள். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி என்று விதியை ஒப்பிக்க வைத்தால் மறந்துபோகும். கீழே அந்த ஓடை நீரை எடுக்கிறவர்களைச் சந்திக்க வையுங்கள், மறக்காது.

அப்புறம், களைத்த பிள்ளை கையில் மண்வெட்டியைக் கொடுக்காதீர்கள். அரை நாள் வேலை போதும். இடி கேட்டால் எல்லாவற்றையும் நிறுத்திப் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் அங்கேயே இருங்கள்.

அடுத்த கோடைக்குத் திட்டம் போடும் முன், அந்தப் பாதையைப் பராமரிக்கிறவர்களிடம் எந்தப் பகுதி மோசமாக இருக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் அதே பிள்ளைகளை அதே பாதைக்குத் திரும்ப அழைத்துப் போங்கள். போன வருடம் வாரிய இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

அன்புடன்,
பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் ஒரு தாய்